சேத்து சாரின் கடல் பூசணம்

பூசணம் பிடித்தால் துள்ளிக் குதிக்கிற மனிதரை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அப்படி ஒருவரோடு ஒரே அறையில் குப்பை கொட்டியிருக்கிறேன். 1991இல், சுங்குவார்சத்திரத்தில், தொழிற்சாலைக்காரர்கள் தங்கும் லாட்ஜில். அவருக்குப் பெயின்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை. லீவு கிடைத்தால் மெட்ராஸ் பக்கத்துக் கோவளம் போய், மீன்பிடிப் படகேறி, கடலடிச் சேற்றை அள்ளிக்கொண்டு வருவார். அதனால் சேத்து சார். அசல் பெயர் லாட்ஜ் ஓனருக்கே மறந்துவிட்டது.

அந்தச் சேற்றைத் துளித்துளியாகக் கண்ணாடித் தட்டுகளில் வைத்துப் பூசணம் வளர்ப்பார். கடலில் எந்த ஆழத்தில் எந்தப் பூசணம் குடியிருக்கிறது என்பதுதான் அவருடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி. பச்சை, கறுப்பு, ரோஸ் என்று அறையே ஜவுளிக்கடை மாதிரி இருக்கும். கட்டில்மேல் தட்டுகள் படுத்திருக்கும், தரையில் நான்.

"இன்னா சார், ஊசிப்போன வடைல கீறதும் இதுவும் ஒண்ணுதானே?" என்று கேட்டுவிட்டான் பக்கத்து அறை வெல்டர் தேவராஜ்.

"வாய மூடுலே! அது ஊருக்குள்ள சுத்துற பய. இவன் ஆழத்துல உள்ளவன். உப்பில்லாம கண்ணு முழிக்கமாட்டான்" என்று சீறினார் சார். நாகர்கோவில் கோபம்!

மாதக் கடைசியில் அவருடைய கைடு நேரில் வந்து தட்டுகளைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஏற்கெனவே கெடு தள்ளிப்போன ஆராய்ச்சி. இந்த முறை காட்ட ஒன்றும் இல்லையென்றால் பட்டத்துக்கு முழுக்குத்தான்.

நடுவில் வந்தது ஆயுத பூஜை. லேத்து, வெல்டிங் மெஷின், சைக்கிள் என்று எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைக்கிற நாள். சாரும் நானும் அவரவர் கம்பெனி பூஜைக்குப் போயிருந்தோம். சாரின் ஆயுதங்கள் மட்டும் அழுக்காகக் கிடக்கின்றனவே என்று தேவராஜுக்கு மனசு கேட்கவில்லை. ஓனரிடம் மாற்றுச் சாவி வாங்கினான்.

திரும்பி வந்தால், தட்டுகளெல்லாம் பளபள! ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். மேலே சாமந்தி மாலை. பாட்டிலில் மிச்சம் வைத்திருந்த சேறும் முருங்கை மரத்தடிக்குப் போயிருந்தது.

"சோப்புத் தூள் போட்டு மூணு தபா தேச்சேன் சார். ஒரே பாசி புடிச்சிக் கிடந்துச்சு!" என்று பூரித்தான் தேவராஜ்.

சார் கத்தவே இல்லை. அவன் நீட்டிய பொரியை வாங்கித் தின்றார். தின்றுகொண்டே அழுதார். "எல்லாவனும் போயிட்டான் மக்கா..." விஷயம் புரிந்ததும் தேவராஜ் அவரைவிடப் பலமாக அழுதான். யாரை முதலில் தேற்றுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சொந்தக் கல்யாணத்துக்குக்கூட ஓவர்டைமை விடாத எங்கள் லாட்ஜ், அந்த ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக அதை விட்டுவிட்டுக் கோவளத்தில் படகேறியது. கரை மறைவதற்குள் எல்லோருக்கும் வாந்தி. வாந்திக்கு நடுவிலும் தேவராஜ் சேறு அள்ளும் கயிற்றை விடவில்லை. "இன்னும் ஆழத்துக்குப் போ நைனா! அந்த ரோஸ் கலரு கெடைக்கணும்!" என்று படகுக்காரரை விரட்டினான்.

கைடு வந்தபோது தட்டுகளில் மறுபடியும் ஜவுளிக்கடை. ரோஸும் வந்துவிட்டது! நாங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். அவர் ஒவ்வொரு தட்டாகப் பார்த்து முடித்து, "ஆய்வேட்ட எழுத ஆரம்பிச்சுடுங்க" என்றார். பிறகு, "இவ்வளவு சேத்தையும் ஒரே ஆளாவா அள்ளுனீங்க?" என்று கேட்டார்.

"எங்க ஆளுக உண்டு சார்" என்று எங்கள் பக்கம் திரும்பிய சார், ஒவ்வொருவரையும் பெயரும் ஊரும் சொல்லி அறிமுகப்படுத்தினார். கம்பெனியில் எங்களுக்கெல்லாம் டோக்கன் நம்பர்தான் பெயர். "சேரப்பணஞ்சேரி தேவராஜ்" என்று அவர் சொன்னதும் அவன் அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். எனக்கு அந்த மனுஷரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.