மார்கழியில் ஒரு காதுகுத்து

லீவு வாங்கப் பொய் சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் காய்ச்சல், வயிற்றுவலி என்று அவரவர் உடம்பை வைத்துத்தான் பொய் சொல்வார்கள். நான் ஒரு வயதுக் குழந்தையின் காதை வைத்துச் சொன்னேன். இன்றுவரை அனுபவிக்கிறேன்.

அப்போது எனக்குப் புதுக்கோட்டையில் ஒரு மோட்டார் பம்ப் கடையில் வேலை. புகார் பிரிவு. அதாவது நானும் ஒரு போனும். மாவட்டத்தில் தண்ணீர் ஏறாத போர்வெல் அத்தனைக்கும் நானே காரணம் என்று காலை ஒன்பது மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏய்யா, மோட்டார வித்தீங்களா, அம்மிக்கல்ல வித்தீங்களா?"

"பாத்துச் சொல்றேங்கய்யா." இதைத் தவிர வேறு எதையும் நான் பேசக் கூடாது. மூன்று வருடம் இதையே பேசினேன். (தூக்கத்திலும் பேசியதற்கு அம்மா சாட்சி.)

இதிலிருந்து என்னைக் காப்பாற்றியது பங்க் இசை. கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர்: மீமிசல் சலீம் கிடார், செந்தில் டிரம்ஸ். பாட்டு நான். பங்க்குக்குப் பெரிய வித்தை தேவையில்லை. கிடாரில் மூன்று கார்டு பிடிக்கத் தெரிந்தால் போதும், மிச்சத்தைத் தொண்டை பார்த்துக்கொள்ளும். கீழே நிற்பவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு குதிப்பார்கள். விழுந்தவனைத் தூக்கி நிறுத்திவிட்டு மறுபடி இடிப்பார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் என்னை யாரும் திட்ட முடியாது. நான்தான் திட்டுவேன். உயிரோடு இருப்பதே அதற்குத்தான் என்று நம்பினேன்.

அந்த வருடத்து லீவையெல்லாம் திருச்சிக் கச்சேரிகளே தின்று தீர்த்திருந்தன. இதற்கிடையில் கட்டுமாவடியில் வாழ்க்கைப்பட்ட செல்வி அக்கா, மகள் யாழினிக்குக் காது குத்த நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும், "லீவு தர மாட்டேங்குறாங்கக்கா" என்று சொன்னேன். ஒருமுறைகூட நான் கேட்கவே இல்லை என்பதை இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

அப்புறம் மார்கழி வந்தது. விசேஷம் இல்லாத மாதம், மண்டபங்கள் காற்று வாங்கும். இலுப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தைச் சல்லிசாகப் பிடித்தான் சலீம். பகல் பதினொரு மணிக்குக் கச்சேரி. செந்திலுக்கு வார விடுமுறை என்பதால் புதன்கிழமை. நான் மேனேஜர் சிதம்பரம் சார் முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்:

"அக்கா மகளுக்குக் காதுகுத்து சார். நான்தான் தாய்மாமன்."

"மார்கழியிலயாப்பா?"

"கொலதெய்வ உத்தரவு சார்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "உத்தரவுன்னா மீறக் கூடாதுப்பா. எந்த மண்டபம்?"

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே மண்டபத்தின் பெயரைச் சொன்னேன். அழைக்காவிட்டாலும் விசேஷம் என்று காதில் விழுந்தால் தட்டுத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும் ஊரில் பிறந்தவன், இதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கடையிலிருந்து தொந்தரவு வரக் கூடாது என்று முதல் நாள் மாலையே போனையும் அணைத்துவிட்டேன்.

கச்சேரி பிரமாதம். மேடையிலிருந்த மணமக்கள் நாற்காலிகளை நகர்த்த முடியாததால், மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறி நின்று, சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, நானே எழுதிய பாட்டைக் கத்தினேன்.

"மேனேஜரே! மேனேஜரே! நீயே கெணத்துல எறங்கு!"

முப்பது பேர் குதித்தார்கள். திடீரென்று டிரம்ஸ் நின்றது. கிடாரும் நின்றது. கண்ணை மூடியிருந்த நான் மட்டும் இன்னொரு தடவை முழுசாகக் கத்திவிட்டுத் திறந்தேன்.

வாசலில் சிதம்பரம் சார், பட்டு வேட்டியில். பின்னால் கடை ஆட்கள் நான்கு பேர், கையில் பழத்தட்டு. அரை நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். அதோடு முடிந்திருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். அவர்களுக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. செல்வி அக்கா இறங்கினாள், மாமியாரோடு. இடுப்பில் யாழினி, பட்டுப் பாவாடையில்.

பரிசுப் பெட்டியில் குழந்தையின் பெயரை எழுதுவதற்காகச் சார் முதல் நாள் இரவு அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். அவசரத்துக்கென்று கடைப் பாரத்தில் நானே எழுதிக் கொடுத்த எண். தம்பி சொல்லாமல் கொள்ளாமல் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டான் என்று அக்கா நினைத்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், போன் அணைந்திருந்தது. அதையும் நான் ரகசியம் காப்பதாக எடுத்துக்கொண்டு, காலையிலேயே கார் பிடித்துக் கிளம்பி வந்திருக்கிறாள்.

மாமியார் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "மார்கழியில காது குத்துற குடும்பத்துலயா பொண்ணு எடுத்தோம்! சரி, ஆசாரி எங்கிட்டு இருக்காரு?"

செந்தில் உதவும் எண்ணத்தில், தன் சட்டையில் வரிசையாகக் குத்தியிருந்த ஊக்குகளைத் தொட்டுப் பார்த்தான். நான் அவனை முறைத்தேன்.

அக்கா மேடைக்குப் பக்கத்தில் வந்தாள். நாற்காலி மேல் வெற்றுடம்போடு நின்ற என்னை அண்ணாந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"லீவு கெடைச்சிருச்சாடா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் நாற்காலியிலிருந்து இறங்கி, வீசிய சட்டையைத் தேடினேன். சிதம்பரம் சார்தான் தட்டை அக்கா கையில் கொடுத்தார். "இன்னொரு நாள் வச்சுக்கலாம்மா. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, வாங்க, மொதல்ல சாப்புடுவோம்" என்று எல்லோரையும் ஓட்டலுக்கு அழைத்துப் போனார். என்னைக் கூப்பிடவில்லை.

வேலையிலிருந்து நீக்கவும் இல்லை. அதைவிடப் பெரிதாகச் செய்தார். தை மாதம் நிஜக் காதுகுத்து வந்தது. லீவு கேட்டுப் போய் நின்றேன்.

"இந்தக் காதுகுத்துக்கு ஒனக்கு ஏற்கெனவே லீவு குடுத்தாச்சேப்பா?" என்றார்.

அக்காவிடமிருந்து அவருக்கு மட்டும் அழைப்புப் பத்திரிகை வந்திருந்தது. காதுகுத்து அன்று காலை கட்டுமாவடியில் யாழினி சிதம்பரம் சார் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாள். அதே நேரத்தில் புதுக்கோட்டையில் நான், "பாத்துச் சொல்றேங்கய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போதும் கச்சேரிகளுக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அந்தப் பாட்டை மட்டும் பாடுவதில்லை. வீட்டில் எந்த விசேஷத்துக்கு நாள் பார்த்தாலும், "மொதல்ல ஒந் தம்பிக்கு லீவு கெடைக்குமான்னு கேளு" என்று அக்காவின் மாமியார் ஆரம்பிப்பார். வீடே சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள், அதற்கு அவளுக்கு இரண்டு வருடம் ஆனது.

யாழினிக்கு இப்போது ஆறு வயது. போன பொங்கலுக்கு ஆல்பத்தைத் தூக்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன்னை மடியில் வைத்திருக்கும் சிதம்பரம் சார் மேல் விரலை வைத்து, "இதுதான் என் தாய்மாமா" என்றாள்.

"அப்ப நான் யாரு?"

பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் கடைசி வரை தேடினாள்.

"நீங்க வரலையே" என்றாள்.