உச்சந்தலை நிர்வாகம்

“இரட்டைச் சுழிக்காரனுக்கு லீவு கிடையாதுலே! விட்டா நீ திரும்பி வரமாட்டே!”

“எம் மவ நிக்காஹ் அண்ணாச்சி! வாப்பா நான் நின்னு சம்மதம் சொல்லாண்டாமா?”

“இங்கன இருந்தே சொல்லு. நான் வேண்டாம்னா சொல்லுதேன்?”

சென்னை ராஜதானியிலேயே ஊழியர்களைத் தனித்தனி மனிதராக மதித்து நிர்வாகம் செய்த முதல் மகான் எங்கள் தெரு சிவசண்முகம் அண்ணாச்சிதான். திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஆறு குதிரை வண்டி விட்டிருந்தார். அவருடைய லாயம் என் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம். நான் ஒட்டுக்கேட்கிறவள் அல்ல, சுவர்தான் குட்டை.

யாரோ ஒரு துரை ஒரு கூட்டத்தில், “வேலைக்காரர் எல்லாரும் ஒன்றல்ல, அவரவர் குணமறிந்து நடத்த வேண்டும்” என்று பேசினாராம். அண்ணாச்சி உருகிப்போனார். குணமறிய அவருக்குத் தெரிந்த வழி, குதிரை வாங்கும்போது சுழி பார்ப்பது. அதையே வண்டிக்காரர்களுக்கும் ‘விஸ்தரித்தார்’. தலைப்பாகையை அவிழ்த்துக் குனியச் சொல்வார். உச்சியில் மயிர் சுழிகிற தினுசைப் பார்த்து உத்தியோகம். வலஞ்சுழிக்கு வக்கீல் சவாரி, இடஞ்சுழிக்குச் சந்தை மூட்டை. இரட்டைச் சுழி ஓடிப்போகிற ரகம். கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே வைக்க வேண்டும். கூப்பிடுவதும் சுழியைச் சொல்லித்தான். பெயர் அப்பன் வைத்தது, சுழி ஆண்டவன் வைத்தது அல்லவா!

அந்த இரட்டைச் சுழிதான் மேலப்பாளையம் தாவூது. மறுநாள் நிக்காஹ். மனுஷர் லாயத்து மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

“அழாதேயும் வே,” என்றார் கூட வண்டி ஓட்டும் பாக்கியசீலன். “சுழி இருந்தாத்தானே பாப்பாரு?”

விடிந்ததும் ஆறு மொட்டைத் தலைகள், வழிய வழியச் சந்தனம் பூசிக்கொண்டு வரிசையாக நின்றன.

“ஏலே, என்னலே இது?”

“வேண்டுதல் அண்ணாச்சி.”

“ஆறு பேருக்குமா?”

“அவங்கவங்களுக்குத் தனித்தனி வேண்டுதல்.”

அண்ணாச்சி வரிசையை மூன்று சுற்று வந்தார். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், “இதுல இரட்டைச் சுழி யாருலே?” என்றார்.

“நான்தான்,” என்று முன்னால் வந்தார் தாவூதின் மச்சான் சேக் முகம்மது. அந்த லாயத்துக்குள் அவர் முதன்முதலாகக் கால் வைத்தது அன்றுதான்.

“ஒம்மேல எனக்கு ஒரு கண்ணு உண்டு, பாத்துக்கோ!”

அதே நேரத்தில் மேலப்பாளையத்தில் தாவூது சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் சபீதா கடையநல்லூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். தாவூது அந்த மாதமே கொழும்புக்குக் கப்பலேறிவிட்டார். மச்சான் தலைப்பாகையை அவிழ்க்காமலே அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார். போன வாரம் அண்ணாச்சி அவர் தோளைத் தட்டி, “நீ ஓடிருவேன்னு நெனச்சேன்லே. நான் கண்டிச்சு வச்சதுல நின்னுட்டே பாத்தியா!” என்றார், கண் கலங்க.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் பார்த்தார், குறை சொல்ல முடியாது. உச்சந்தலைக்குக் கீழே ஒரு முகம் இருப்பதைப் பார்க்கத்தான் அவருக்கு நேரம் ஒழியவில்லை.