திசை மறந்த தேங்காய்

தேங்காய் உடையவில்லை.

சிமெண்ட் கல்லில் 'டொக்'கென்று பட்டு, இரண்டு தடவை துள்ளி, எண் பலகை தெரியாமல் மாலை தொங்கிய புது வெள்ளை மைவி காரின் அடியில் போய் ஒளிந்துகொண்டது. மலாக்காவில் லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டக் கோவில் வாசலில், கார் பூசைக்கு வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குருக்கள் மணியை நிறுத்தினார்.

"ஒண்டும் சரியில்லை" என்றார் சந்திராதேவி. "இஞ்சருங்கோ, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள தேங்காய் உடையாட்டி நான் இந்தக் காரில கால் வைக்க மாட்டன். சொல்லிப்போட்டன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். இருபது வருடத்துக்கு முன் மலாக்காவில் ஒரு கடையில் சட்னி புளித்தது. இன்றுவரை அந்தத் தெருவுக்கே அவர் போனதில்லை. அவரைச் சம்மதிக்க வைத்து இந்தக் காரை வாங்கக் கணவர் நவரட்ணத்துக்கு மூன்று வருடம் பிடித்தது. இப்போது மிச்சம் பத்து நிமிடம்.

நவரட்ணம் முப்பது வருடம் பிஸிக்ஸ் நடத்தியவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், வகுப்பிலிருந்து இல்லை.

"சகுனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மொமெண்டம் போதாது" என்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நிறை பெருக்கல் வெலாசிட்டி. தேங்காய் பூச்சியம் தசம் ஆறு கிலோ. நான் போட்டது விநாடிக்கு ஐந்து மீட்டர். எவ்வளவு?"

யாரும் கை தூக்கவில்லை.

"மூன்று! வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஆறு. உடையத்தான் வேணும்."

"கணக்கெல்லாம் வேணாம்லா சார். குனிஞ்சு ஓங்கிப் போடுங்க, போதும்" என்றார் தேங்காய்க் கடை குஞ்சம்மா.

"கணக்குத் தெரியாதவர்கள் குனியட்டும்."

காருக்கடியிலிருந்து யாரோ உருட்டித் தந்த தேங்காயோடு நிமிர்ந்து நின்று, கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வீசினார். தேங்காய் கல்லின் விளிம்பில் பட்டு எழும்பி, பானட்டில் 'டம்' என்று இறங்கியது. பானட்டில் சோற்றுக் கிண்ணம் அளவுக்குப் பள்ளம். தேங்காயில் ஒரு கீறல் இல்லை.

"ஐயோ, புதுக் கார்!" என்றார் சந்திராதேவி.

"தட்டி எடுக்கலாம், பொறும். இனி நிறையைக் கூட்டவேணும். குஞ்சம்மா, இருக்கிறதிலேயே பெரிசைக் கொண்டாங்க."

குஞ்சம்மா குழந்தை மாதிரி ஒன்றைத் தூக்கி வந்தார். "ஒரு கிலோ இருநூறு, சார். கொஞ்சம் காரை விட்டுத் தள்ளி நின்னு..."

"பெருக்கல் பத்து... பன்னிரண்டு!" என்று அறிவித்தார் நவரட்ணம், தேங்காய் அந்த எண்ணைக் கேட்டே உடைந்துவிடும் என்பதுபோல. "எனக்கே பிஸிக்ஸ் சொல்லித் தாறீங்களா?"

மணி பத்து இருபத்தெட்டு. எட்டடி பின்னால் போனார். பந்து வீசுகிறவர்போல ஓடி வந்தார்.

வெலாசிட்டிக்குத் திசையும் உண்டு என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். திசையை எழுதாதவனுக்கு இரக்கமில்லாமல் மார்க் வெட்டியவர். இன்று கல்லைத் தவிர மற்ற எல்லாத் திசைகளுக்கும் வாய்ப்புக் கொடுத்தார். அந்தப் பன்னிரண்டு முழுதும் நேராகக் காரின் முன் கண்ணாடிக்குப் போனது.

தேங்காய், கண்ணாடி இரண்டும் உடைந்தன. தேங்காய்த் தண்ணீர் இருக்கையெல்லாம் தெறித்தது.

"பார்த்தீரா! உடைஞ்சிட்டுது!" நவரட்ணம் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு. ஏறும், சந்திரா!"

சொன்ன சொல் சொல்தானே. சந்திராதேவி கண்ணாடித் தூளைத் தாண்டி, வலது காலைத் தூக்கியபடி கதவை இழுத்தார். திறக்கவில்லை. நவரட்ணம் சாவியை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். கையை நீட்டி, கதவோடு ஒட்டவைத்து அமுக்கினார்.

கோவிலுக்குள்ளிருந்து அர்ச்சனைத் தட்டோடு வந்த ஓர் இளம்பெண், காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்க அமுக்க அமுக்க பின்னால நிக்கிற வெள்ளை மைவிதான் கத்துது... இது என்னோட காரு."