எங்கட ஓபர்வெல்டிங்கனில எண்டால்

லண்டன் தமிழருக்குள் 'ஜெர்மன்காரர்' என்றொரு பிறவி உண்டு. கண்டுபிடிக்க ஒரு கஷ்டமும் இல்லை. பிறந்தநாள் விழாவில் எல்லோரும் ரோல்ஸ் கடித்துக்கொண்டு நிற்க, ஒருவர் மட்டும் பேப்பர் தட்டை ஒரு கையிலும் பிளாஸ்டிக் கரண்டியை மறு கையிலும் பிடித்தபடி, எதை எந்தக் குப்பைவாளியில் போடுவது என்று தவித்துக்கொண்டிருப்பார். அவர்தான். அங்கே பத்துப் பதினைந்து வருஷம் இருந்து, பாஸ்போர்ட்டும் எடுத்து, பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கவேண்டும் என்று இங்கே வந்திறங்கியவர். ஆள் வந்துவிட்டார். வாய் இன்னும் வரவில்லை.

ரெய்னர்ஸ் லேன் ஆனந்தராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். வந்து பதினெட்டு வருஷம். அவரிடம் மணி எத்தனை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஜெர்மனியில் அவர் இருந்த ஓபர்வெல்டிங்கன் என்ற சிற்றூரின் வரலாறு வரும். எண்ணூறு வருஷத்துக்கு முன் ஒரு தேவாலயம், அதைச் சுற்றி ஏழு பண்ணை, பிறகொரு தீ, பிறகொரு யுத்தம், பிறகு உருளைக்கிழங்கு, பிறகு ஸ்டுட்கார்ட்டுக்கு ரயில். ரயில் வந்த கையோடு பண்ணையெல்லாம் மாடிவீடாகி, மாட்டுக்கொட்டிலெல்லாம் கார் கராஜாகி, காலை ஆறே முக்காலுக்கு ஊர் முழுக்க ரயிலேறிப் போய், பின்னேரம் ஆறே காலுக்கு ஊர் முழுக்கத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொள்ளும். எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரிச் சொல்லுவார். நடுவில் மூச்சாவது விடுவாரா? விடமாட்டார்.

"எங்கட ஓபர்வெல்டிங்கனில எண்டால் ஞாயிற்றுக்கிழமை ஒரு சத்தம் கேக்காது. புல்லு வெட்டினாலே பொலிஸ் வரும்!"

"அப்ப ஞாயிற்றுக்கிழமை என்னதான் செய்வியள், அண்ணை?" என்பான் எதிர்வீட்டுப் பிரியந்தன்.

"சும்மா இருப்பம்," என்பார் பெருமையோடு.

அந்த ஊர் மாடிவீடுகளில் ஒரு வழக்கம். எவருடைய கதவில் பலகை தொங்குகிறதோ, அந்த வாரம் அவர்தான் படிக்கட்டுக் கூட்டவேண்டும். ஆனந்தராஜா விடுவாரா? வாசலைக் கூட்டச் சொல்லி ஜெர்மனிலேயே எழுதி ஒரு பலகை செய்து, பக்கத்து வீட்டுக் கிருஷ்ணமூர்த்தியின் கதவில் கொழுவிவிட்டார். கிருஷ்ணமூர்த்தி சென்னைக்காரர், பயந்த சுபாவம். "கவுன்சில் வச்சதோ என்னவோ, கழட்டினா ஃபைன் போட்டுடுவாங்க" என்று மூன்று வாரம் அதைத் தொடவேயில்லை.

இதுவரைக்கும் சிரிப்புத்தான். போன கோடையில் பென்ஷன் எடுத்தாரே, அதோடு வந்தது வினை. "வீட்டை வித்துப்போட்டு ஓபர்வெல்டிங்கனுக்கே திரும்புவம்" என்றார். மனைவி குமுதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். மகள் லக்‌ஷிகா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்; அதற்கடுத்த மாதம் அவளுக்கு முதல் பிள்ளை கிடைக்க இருந்தது.

"நீங்கள் வேணுமெண்டால் போங்கோ. என்னால ஏலாது," என்றாள் குமுதினி. மனிதர் கேட்டால்தானே! திங்கட்கிழமை வீட்டைப் படம் எடுக்க ஏஜென்டை வரச் சொல்லியாயிற்று. அதற்கு முதல்நாளுக்கு, ஓபர்வெல்டிங்கனில் இவர்களுக்கு மேல்மாடியில் இருந்த உர்சுலா அம்மாவையும் விருந்துக்கு அழைத்துவிட்டார். ஊரின் அருமையைக் குமுதினி அந்த அம்மா வாயாலேயே கேட்கட்டும் என்பது திட்டம்.

உர்சுலா வந்தார். வடையைக் கடித்துக்கொண்டு ஊர்ச் செய்தி சொன்னார். பேக்கரி பூட்டியாயிற்று. ரயில் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. படிக்கட்டை இப்போது ஒரு கம்பனி வந்து கூட்டுகிறது. ஆனந்தராஜாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"நீங்கள் போனபிறகு என் கதவைத் தட்டியது தபால்காரன் மட்டும்தான்," என்றார் உர்சுலா. "எல்லோரும் நித்திரை கொள்ளத்தானே அங்கே வருகிறார்கள். நீங்கள் கெட்டிக்காரர், ஆனந்தராஜா. 'இதெல்லாம் ஒரு ஊரா, மனிசர் வாழுற இடம் லண்டன்தான்' என்று படிக்கட்டில் நின்று பதினாலு வருஷம் சொன்னீர்களே! அந்த லண்டனைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டு வந்தேன்."

இதெல்லாம் ஜெர்மனில். குமுதினிக்கும் ஜெர்மன் நன்றாகவே தெரியும். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது; மனிதரின் முழியைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. உர்சுலாவின் தட்டில் இன்னொரு வடையை வைத்தாள். பிறகு போனை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள்.

"ஏஜென்டுக்கு அடியுங்கோ."

அடித்தார்.

வீடு தப்பியது. ஆள் திருந்தினாரா என்கிறீர்களா? அடுத்த நாள் உர்சுலாவைச் சேலைக்கடை காட்ட லண்டனின் மறுகோடியில் இருக்கிற ஈஸ்ட் ஹாமுக்குக் கூட்டிப்போனார். வந்ததும் வராததுமாகப் பிரியந்தனைப் பிடித்துக்கொண்டார். "சீ, ரெய்னர்ஸ் லேனும் ஒரு இடமே? இருந்தால் ஈஸ்ட் ஹாமில இருக்கவேணும், தம்பி!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், காசா பணமா? ஆனால் ஒன்று கேட்கிறேன். இப்போது இருக்கிற ஊரை, அங்கே இருந்துகொண்டே, கடைசியாக எப்போது நல்ல ஊர் என்று சொன்னீர்கள்? ஞாபகம் வரவில்லையா? பரவாயில்லை, வீட்டில் இருக்கிறவரைக் கேளுங்கள். அவர் யோசிக்காமலே பதில் சொல்லுவார்.