சணல் சுற்றிய சென்சார்

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்வதில் ஒரு சௌகரியம் உண்டு. சொன்ன நாளிலிருந்து அந்த வேலை நம்மைத் தேடி வரும் நாள் வரைக்கும் நிம்மதியாக இருக்கலாம். எனக்கு அந்த நிம்மதி பதினோரு நாள் கிடைத்தது.

ஊருக்குள் செல்போன் அப்போதுதான் வந்திருந்தது. வைத்திருந்த நாலு பேரும் சிக்னலுக்காக மொட்டை மாடியில் நின்று கத்திக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபத்தாறு வயது. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பம்ப்செட் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். தொழிலில் நல்ல பேர். (நானே சொல்லிக்கொள்வதுதான். வேறு யாரும் இங்கே சொல்லப்போவதில்லை.)

தென்னேரியில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் போட்டோ கொண்டுவந்தார். பெயர் அமுதா. டீச்சர் டிரெய்னிங் முடித்தவள். பார்த்ததும் பிடித்துவிட்டது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிணறு கிணறாக இறங்கியதில் போட்டோவின் ஒரு மூலை நைந்தே போனது. ஆனால் அமுதாவின் அம்மாவுக்குக் கிணற்றில் இறங்குகிற மாப்பிள்ளை ஆகாதாம். என்றைக்கு என்ன ஆகுமோ என்று பயம். ஏற்கெனவே இரண்டு பம்ப்செட்காரர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதனால் தரகர், பையன் கார் மெக்கானிக் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பழியை அவர் மேல் போட எனக்கும் ஆசைதான். ஆனால், "எந்தக் காரு பாப்பான்னு கேட்டா இன்னா சொல்றது?" என்று அவர் கேட்டபோது, "எல்லாக் காரும்னு சொல்லுங்க" என்றது நான்தான்.

பன்னிரண்டாம் நாள் சலீம் வந்தான். பஜாரில் அவர்களுக்கு ஹார்டுவேர் கடை. என் கூடப் படித்தவன். ஒரு பழைய கார் வாங்கியிருந்தான், பெட்ரோல் வண்டி. சத்தம் போதவில்லை என்று அவனுக்குக் குறை. சென்னையில் போய் ஹெடர் என்று ஒன்றை வாங்கி வந்திருந்தான். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் இடத்தில் கம்பெனி வைத்திருக்கும் இரும்பைக் கழற்றிவிட்டு மாட்டுகிற சாமான் அது. நாலு குழாய் வளைந்து வந்து ஒரு குழாயாகச் சேரும்.

"நீதான் இப்ப கார் மெக்கானிக் ஆயிட்டியாமே. இத மாட்டிக் குடு. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க நானே கார் ஓட்டிக்கினு வரேன்" என்றான்.

பெண் பார்க்கக் காரில் போய் இறங்கும் கார் மெக்கானிக். இதைவிட என்ன வேண்டும்? ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அவன் கடைக்குப் பின்னால் வேலையை ஆரம்பித்தேன். பழைய இரும்பில் ஸ்பார்க் பிளக் மாதிரி ஒன்று செருகியிருந்தது, வாலில் ஒயரோடு. அதைக் கழற்றிப் புது ஹெடரில் போட வேண்டும். அது வரவில்லை. ஸ்பேனருக்கு மேல் ஒரு பைப்பைச் செருகி, கிணற்று மோட்டாரிடம் காட்டும் பலத்தைக் காட்டினேன். இரண்டாக வந்தது.

"இது இன்னாடா?" என்றான் சலீம்.

"சென்சார். பழசாச்சின்னா இப்டித்தான் ஆவும். புதுசு வாங்கியா" என்றேன். சென்சார் என்ற வார்த்தை அதன் மேலேயே எழுதியிருந்தது.

முகம் வாடினாலும் காஞ்சிபுரம் போய் வாங்கி வந்தான். ஆக்சிஜன் சென்சார் என்று டப்பாவில் போட்டிருந்தது. கூடவே ஷாம்பு பாக்கெட் அளவில் ஏதோ ஒரு பசையும் இங்கிலீஷில் ஒரு காகிதமும் இருந்தன. பசை ரொம்பக் கொஞ்சமாக இருந்ததால் தூக்கிப் போட்டேன். காகிதத்தில் கை துடைத்தேன்.

புகையில் எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது என்று மோப்பம் பிடித்து, இன்ஜினின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சாமான் அது. அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதற்கு மரை இருக்கிறது. மரை இருந்தால் கசியும்.

போர் பைப் மாட்டுகிறவன் வெறும் மரையை முடுக்க மாட்டான். சணலைப் பிரித்து மரை மேல் சுற்றி, அதன் மேல் வெள்ளை ஈயப் பசையை அப்பி, அப்புறம்தான் முடுக்குவான். சொட்டுத் தண்ணீர் வராது. சலீம் கடையிலிருந்தே இரண்டையும் எடுத்து வரச் சொன்னேன். சென்சாரின் மரையில் ஏழு சுற்று சுற்றினேன். பசையைத் தாராளமாகத் தடவினேன். நுனியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. கசிவதற்குக் கம்பெனிக்காரனே வழி வைத்திருக்கிறானே என்று, மிச்சப் பசையால் அவற்றையும் அடைத்தேன்.

வண்டியைக் கிளப்பினோம். சத்தம் பஜாரையே திரும்பிப் பார்க்க வைத்தது. சலீம் என்னைக் கட்டிக்கொண்டான். மீட்டர் பக்கத்தில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது.

"அது எதுக்குடா எரியுது?"

"புது சாமான் போட்டுக்கீறோம் இல்ல? வேல செய்யுதுன்னு அர்த்தம்."

ஞாயிற்றுக்கிழமை காலை சலீம் ஓட்ட, முன்னால் நான். பின்னால் அம்மாவும் தாய்மாமாவும், மடியில் பழத்தட்டோடு. ஊர் எல்லை தாண்டியதும் அம்மா மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாடா ஏழுமல, கோணி எரியற நாத்தம் அடிக்குது?"

"வயல்ல ஏதோ கொளுத்தறாங்கம்மா."

வாலாஜாபாத் வரைக்கும் எல்லா வயலிலும் கொளுத்திக்கொண்டே இருந்தார்கள். ஜன்னலை ஏற்றினால் வேர்த்தது. இறக்கினால் இருமினார்கள். பின்னால் வந்த பஸ்ஸைக் கண்ணாடியில் காணோம். பஸ் இருந்த இடத்தில் கறுப்பாகப் புகை மட்டும் இருந்தது. பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்கியது. சலீம் என்னைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன்.

தென்னேரியில் பெண்ணின் அப்பா கன்னியப்பன் வெள்ளை வேட்டி சட்டையில் வாசலில் நின்றிருந்தார். வண்டியை நிழலில் விட சலீம் ரிவர்ஸ் எடுத்தான். புகை நேராக அவர் மேல் போனது. கலைந்தபோது அவர் அதே இடத்தில்தான் நின்றிருந்தார், வேறு நிறத்தில். இன்ஜின் இரண்டு முறை குலுங்கி அணைந்தது. அதற்கப்புறம் அன்று முழுக்கக் கிளம்பவில்லை.

"கார் மெக்கானிக்குன்னு சொன்னாங்களே. வண்டிக்கு இன்னா ஆச்சி தம்பி? பானட்டத் தொறங்க, பாப்போம்" என்றார் நிதானமாக.

திறந்தேன். குனிந்து பார்த்தார். பாதி கருகிய சணல், அதைச் சுற்றி வெள்ளைப் பசை. அவருக்கு மூன்று போர் கிணறு உண்டு என்று தரகர் சொல்லியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இது யாரு மாட்டனது?"

"நான்தாங்க."

"சணல் சுத்தி வெள்ள அப்பிக்கீது. நம்ம போர் பைப்புக்கு இப்டித்தான் செய்வாங்க." நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். "சுத்து நல்லாத்தான் சுத்திக்கீறீங்க. பம்ப்செட்டா தம்பி?"

மாமா குறுக்கே வந்து, "ரெண்டும் பாப்பான்" என்றார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. வெட்கத்தில் காது எரிந்தது. போட்டோ கையை விட்டுப் போகப்போகிறது என்பது அதைவிட அதிகமாக எரிந்தது.

"சரி, வந்தது வந்துட்டீங்க. காபி சாப்ட்டுப் போங்க" என்றார். பெண் பார்க்க வந்த வீட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா பழத்தட்டைக் கொடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அமுதா காபி கொண்டுவந்தாள். நான் நிமிரவில்லை. தட்டை நீட்டியபடியே கேட்டாள்.

"கார் வேல எப்ப கத்துக்கினீங்க?"

"நேத்து" என்றேன்.

அவள் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பெண் பார்க்கப்படும்போது சிரிக்கக் கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

பஸ்ஸில் திரும்பினோம். சலீம் மட்டும் காரோடு நின்றான். மறுநாள் காஞ்சிபுரம் மெக்கானிக் சென்சாரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மூக்க அடச்சி வெச்சிட்டு மோப்பம் புடின்னா எப்டிபா புடிக்கும்?" என்றாராம். கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோலை ஊற்றியிருக்கிறது. சலீம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். பெண் சம்மதம் சொல்லிவிட்டாளாம். தன் அம்மாவையும் அவளே சம்மதிக்க வைத்தாளாம். அந்த மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காரணத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன்.

"மத்தவங்க பொய் வெளிய வர பத்து வருசம் ஆவும். உங்களுது காப்பி ஆறறதுக்குள்ள வந்துட்ச்சி. பொய்ய வெச்சிக் காப்பாத்தத் தெரியாத ஆளு, பொழச்சிக்கலாம்னு நெனச்சேன்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பொய் சொல்கிறாய் என்று சொல்வதில்லை. 'புகை வருது' என்பதோடு சரி. நான் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்ததாகச் சொன்னால், என் மகள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலேயே, "அப்பா, புகை" என்பாள். மாமனார் போனில்கூட இருமிக் காட்டுவார்.

இதை எழுதி முடித்து அமுதாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தாள். ஒரே ஓர் இடத்தில் விரல் வைத்து, "இங்க புகை வருது" என்றாள். 'நேத்து' என்று நான் சொன்ன இடம்.

அவள் அன்று அந்தக் கேள்வியை மூன்று முறை கேட்டாள். முதல் முறை, "ஆறு வருசமா" என்றேன். இரண்டாவது முறை, "ரெண்டு வருசம் இருக்கும்" என்றேன்.