நானூற்றுப் பதினாறு பெட்டிகள்

“வேலை எப்படிப் போகுது?” என்று கேட்டால் வாயைத் திறக்காமல் கணினித் திரையை உங்கள் பக்கம் திருப்பிவிட்டு, அதிலேயே எல்லாம் இருக்கிறது என்பதுபோல் கையைக் கட்டிக்கொள்ளும் ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்தான் பலகையார். ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனால் கலப்படமே இல்லாத முதல்தர ரகம் வேண்டுமென்றால் துகள் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். நம்மவர் அங்கேதான் இருந்தார்.

அங்கே பூமிக்கடியில் எண்பது மீட்டர் ஆழத்தில் நாலு மாடி உயரத்துக்கு ஒரு கருவி. அணுவைவிடச் சின்னத் துகள்கள் மோதிச் சிதறுவதைப் பதிவுசெய்வது அதன் வேலை. அதற்கு மின்சாரம் ஒழுங்காகப் போகிறதா, சூடு ஏறுகிறதா, குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறதா என்று எந்த மூலையில் இருக்கும் விஞ்ஞானியும் பிரவுசரைத் திறந்து பார்க்கும்படி ‘டாஷ்போர்டு’ என்கிற தகவல் பலகையை இணையப் பக்கமாகச் செய்து கொடுப்பது பலகையாரின் வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. நலமென்றால் பச்சை, நலமில்லை என்றால் சிவப்பு, எதற்கும் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள் என்றால் மஞ்சள்.

ஆரம்பத்தில் பன்னிரண்டு பெட்டிகள்தான். கேட்டவர்களுக்கெல்லாம் இல்லையென்னாமல் சேர்த்தார். கேட்காதவர்களுக்கும் சேர்த்தார். காபி மெஷினில் பால் இருக்கிறதா, லிஃப்ட் எந்தத் தளத்தில் நிற்கிறது, கூட்ட அறையில் ஆள் இருக்கிறதா என்று வளர்ந்து வளர்ந்து மூன்று வருஷத்தில் நானூற்றுப் பதினாறு. அந்தக் கூட்ட அறை அவர் நாற்காலியிலிருந்து நாலே அடி. எட்டிப் பார்க்க மாட்டார். எட்டிப் பார்ப்பதென்றால் பலகை எதற்கு?

வீட்டிலும் அதே கதை. தண்ணீர்த் தொட்டி, வாஷிங் மெஷின், மகளின் வீட்டுப்பாடம் எல்லாம் கூடத்துச் சுவரில் ஒளிரும். ஒருநாள் மனைவி உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றதற்கு, எத்தனை டிகிரி, எப்போதிலிருந்து, எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் அளந்தாய் என்று விசாரித்திருக்கிறார். அந்த அம்மாள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டார். வீட்டில் ஒரு பெட்டி சிவப்பானது பலகையாருக்குத் தெரியவே இல்லை.

அவருக்குப் பொறுக்காத ஒன்று உண்டு: காலிப் பெட்டி. கருவியிலிருந்து எண் வந்துசேரத் தாமதமானால் பெட்டி வெளுத்துப்போகும். பச்சை வயலில் சொட்டை விழுந்ததுபோல் அவருக்குத் தோன்றும். ஆகவே, புது எண் வராவிட்டால் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிரு என்று பலகைக்கு ஓர் உத்தரவு போட்டார். எல்லோரும் பாராட்டினார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்ததல்லவா?

எட்டு மாதப் பழுதுபார்ப்புக்குப் பிறகு, கருவிக்குள் மோதவிடும் துகள் கற்றை மறுபடி வரவிருந்த நாள் வந்தது. நண்பகலில் கற்றை. பத்து மணிக்கே கட்டுப்பாட்டு அறை நிரம்பிவிட்டது. பெரிய திரையில் நானூற்றுப் பதினாறும் பச்சை. பலகையார் பெண்ணைப் பெற்றவர்போல வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

அப்போது குழாய் அக்கா உள்ளே வந்தார். குளிர்நீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். இயக்குநர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“தம்பி, காலைல ஏழு மணிக்கு நான் டீ குடிக்கும்போது தண்ணி பதினெட்டு புள்ளி நாலு. இப்பவும் பதினெட்டு புள்ளி நாலு.”

“ஆமாக்கா. அவ்வளவு ஸ்திரமா இருக்கு.”

“தண்ணி அப்படி இருக்காது. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும்.”

பலகையார் திரையின் மூலையில் நொடிக்கு நொடி ஓடும் கடிகாரத்தைக் காட்டினார். பலகைக்கு உயிர் இருப்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அக்கா வாதாடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

“தம்பி, நான் தண்ணியில நிக்கிறேன்.”

“இங்க கசிவுப் பெட்டி பச்சையாத்தான் இருக்குக்கா.”

“அங்க பச்சை. இங்க என் ஷூ ஈரம். எதை நம்பப்போறே?”

இரண்டு வால்வையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும், தனக்கு இருப்பது இரண்டே கை, மின்னணு அடுக்குகளைத் தண்ணீர் தொட இன்னும் இரண்டு அங்குலம்தான் என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் பலகையார் ஓடத் தொடங்கிவிட்டார். ஓடியவருக்கு லிஃப்ட் எந்தத் தளத்தில் நிற்கிறது என்று தெரியும். எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. மூன்று வருஷத்தில் ஒருதரமும் கீழே இறங்கியதில்லை. காவலாளியிடம் வழி கேட்டு, ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

கதவு திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். கட்டைவிரல் அளவுப் படமாகவே பார்த்துப் பழகிய கருவி, கழுத்து நோக அண்ணாந்து பார்த்தும் முடிவு தெரியாமல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. அதன் முனகல் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது.

“வேடிக்கை அப்புறம் பாரு. அந்தச் சக்கரத்தைப் புடி” என்றார் அக்கா.

கணுக்கால் தண்ணீரில் பாய்ந்து பிடித்தார். அக்கா மூன்று எண்ண, இருவரும் சேர்ந்து திருகினார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஒரு விரற்கடை மிச்சமிருக்கத் தண்ணீர் நின்றது. தண்ணீர் தெறித்து அரைவரை நனைந்து நின்ற பலகையாருக்குக் காரணமே இல்லாமல் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவும் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கற்றை மூன்று நாள் தள்ளிப்போனது, கருவி பிழைத்தது. எண் அனுப்பும் கணினி காலை ஆறே முக்காலுக்கே படுத்துவிட்டதை விசாரணையில் கண்டுபிடித்தார்கள். பழைய எண்ணைக் காட்டச் சொன்னது யார் என்று கேட்பதற்கு முன்பே பலகையார் எழுந்து, “நான்தான்” என்றார். பாராட்டியவர்கள் யாரும் எழவில்லை.

திருந்தினாரா? பாதி திருந்தினார். அந்த உத்தரவை அழித்தார். வாரம் ஒருமுறை அக்காவோடு கீழே போய்க் கருவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். அவர் போய்வந்தாரா என்று காட்டப் பலகையில் ஒரு பெட்டியும், அந்தப் பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று காட்ட இன்னொரு பெட்டியும் சேர்த்திருக்கிறார்.

சிரியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த அறையில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு ‘ஸாரி’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, எட்டடி நடந்துபோய் முகத்தைப் பார்க்காமல், நீல டிக் விழுந்ததா விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தது யார்? நான் இல்லை. எனக்கு இன்னும் ஒற்றை டிக்தான்.