முந்நூற்றுப் பதினெட்டு என்ன நிறம்?

எங்கள் வீட்டில் நான் எந்த முடிவும் எடுத்ததில்லை என்று என் மனைவியின் உறவினர்கள் சொல்லித் திரிகிறார்கள். பச்சைப் பொய். போன வருஷம்கூட ஒரு முடிவு எடுத்தேன். ஒரு ரயில் இன்ஜினுக்குப் பெயிண்ட் அடிப்பது என்று.

இன்ஜின் என்றால் என் முழங்கை நீளம். பழைய சாமான் கடையில், உடைந்த மின்விசிறிக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில் கிடந்தது. நீராவி இன்ஜின். சக்கரம் சுற்றியது. புகைபோக்கி லேசாகச் சாய்ந்திருந்தது. பெயிண்ட் முக்கால்வாசி உரிந்து தகரம் பல்லை இளித்தது. பக்கவாட்டில் 318 என்ற எண் மட்டும் அழியாமல் இருந்தது.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். கடுகளவு திருகை முடுக்கி முடுக்கிப் பழகிய கை. இந்தக் கைக்கேற்ற வேலை இதுதான் என்று தோன்றியது. சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, இன்ஜினை அக்கக்காகக் கழற்றி வைத்தேன்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். ஒரு வார்டு முழுவதையும் ஒற்றைப் புருவத்தால் நடத்துபவள். வேலை முடிந்து வந்தவள் மேஜையைப் பார்த்தாள்.

"இது என்ன ஆபரேஷன்?"

"இன்ஜின். பெயிண்ட் அடிக்கப் போறேன்."

"எத்தனை நாளைக்கு அட்மிஷன்?"

"ரெண்டு வாரம்."

"அதுவரைக்கும் எங்க வெச்சு சாப்பிடறது?"

"மடியில."

"சரி."

அவள் 'சரி' என்றால் வழக்கமாக நான் உஷாராகிவிடுவேன். அன்று ஆகவில்லை. ஆகியிருக்க வேண்டும்.

"உங்களுக்கு பிரஷ் பிடிக்கத் தெரியும்னு இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே," என்றாள், கை கழுவிக்கொண்டே. "தம்பி புது வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும். ஆள் கிடைக்க மாட்டேங்குது. சனிக்கிழமை சனிக்கிழமை நாமளே போய் ஒவ்வொரு அறையா முடிச்சுடலாம்."

தம்பி என்றால் அவளுடைய தம்பி. அவன் வீடு வாங்கியதிலிருந்து நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. போனால் எதையாவது தூக்கச் சொல்வான். அதனால் அவன் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு இடுப்பு வலிக்கும். அன்றும் வலித்தது.

"எங்க வலிக்குது?"

"இங்க."

"அது விலா."

"வலி நகருது."

"நகர்ற வலிக்கு எங்க வார்டுல ஊசி இருக்கு. நாளைக்கு எடுத்துட்டு வரேன்."

ஊசி என்றதும் வலி தானாகவே குறைந்துவிட்டது. வேறு வழி தேட வேண்டியதாயிற்று. மேஜையில் கிடந்த இன்ஜினைப் பார்த்தேன். வழி கிடைத்தது.

"சுவத்துக்கு அடிக்கற மாதிரி இதுக்கு அடிச்சிட முடியாது," என்றேன். "318ன்னு ஒரு நிஜ இன்ஜின் ஓடியிருக்கு. அது என்ன நிறம்னு தெரியாம நான் பிரஷைத் தொட்டா பாவம். அதோட சரித்திரத்தைத் தேடணும். எனக்கு லீவு சனிக்கிழமைதான். லைப்ரரிக்குப் போயாகணும்."

"எல்லாச் சனிக்கிழமையுமா?"

"சரித்திரம் நீளம்."

காய்ச்சல் இல்லாதவன் காய்ச்சல் என்று சொன்னால் ஒரு பார்வை பார்ப்பாளே, அந்தப் பார்வை பார்த்தாள். பிறகு அந்த 318ஐ விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "சரி," என்றாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். ஏமாற்றுவதற்காகத்தான் லைப்ரரிக்குப் போனேன். முதல் வாரம் நாற்காலியில் தூங்கினேன். இரண்டாவது வாரம், தூங்குவதற்குத் தலையணையாக எடுத்த தடிப் புத்தகத்தில் 318 வந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புதிதில் அது மெயில் வண்டி இழுத்திருக்கிறது. அது வருகிற நேரத்துக்கு ஜனங்கள் ஸ்டேஷனுக்கு வந்து சும்மா நின்று பார்த்துவிட்டுப் போவார்களாம். பிறகு பாசஞ்சர். பிறகு சரக்கு. பிறகு யார்டில் பெட்டிகளை இங்கிருந்து அங்கே தள்ளுகிற வேலை. கடைசியில் ஒரு சர்க்கரை ஆலைக்கு விற்றுவிட்டார்கள். அதோடு தகவல் நின்றுவிட்டது.

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இதை அவளிடம் சொன்னேன்.

"இப்ப எதுக்குக் கண் கலங்கறீங்க?"

"முதல்ல மெயில். அப்புறம் சரக்கு. அப்புறம் சொன்ன பெட்டியைச் சொன்ன இடத்துல தள்ளணும். என் கதை மாதிரியே இருக்கு."

"நீங்க எப்ப மெயில் இழுத்தீங்க?"

நான் தட்டைக் கழுவ எழுந்து போனேன்.

நிறம் மட்டும் பிடிபடவில்லை. ஒரு புத்தகம் கறுப்பு என்றது. இன்னொன்று பச்சை என்றது. கிடைத்த புகைப்படமெல்லாம் கறுப்பு வெள்ளை. இதற்கிடையில் மூன்று மாதம் ஓடியது. அக்காவும் தம்பியுமாகச் சனிக்கிழமைதோறும் பெயிண்ட் அடித்தார்கள். நான் சரித்திரம் படித்தேன். என்னைப் போல் திட்டம் போட ஆள் இல்லை என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் வேலையிலிருந்து வந்து பையை மாட்டினாள்.

"உங்க இன்ஜின் கிடைச்சிடுச்சு."

"எந்த இன்ஜின்?"

"318. வார்டுல ஒரு பெரியவர் சொன்னார். அந்த ஆலையில வேலை பார்த்தவராம். ஆலையை மூடினப்ப அதை ஒரு பூங்காவுல கொண்டு வந்து நிறுத்திட்டாங்களாம். ரெண்டு பஸ் மாறணும். நாளைக்கே போய்ப் பாருங்க."

"உன் தம்பி வீட்டு வேலை?"

"அதை நாங்க பாத்துக்கறோம். நீங்க பழைய சட்டையா போட்டுட்டுப் போங்க. இன்ஜின்னா கரி ஒட்டும்."

இப்படி ஒரு மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

பூங்காவைக் கண்டுபிடித்தேன். ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்துக்கும் அப்பால், பத்தடி தண்டவாளத்தின் மேல் அது நின்றது. என் முழங்கை நீளம் வீட்டளவு வளர்ந்து நின்றது. உடம்பு முழுக்க மஞ்சள். முகத்தில் இரண்டு கண் வரைந்து, சிவப்பு உதடு வைத்துச் சிரிக்க விட்டிருந்தார்கள். ஒரு கண் கொஞ்சம் மாறுகண். என் கடைக்கு வந்திருந்தால் கண்ணாடி கொடுத்து அனுப்பியிருப்பேன்.

பக்கவாட்டில் 318.

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் என் சின்னத் திருப்புளியை எடுத்தேன். டிரைவர் ஏறும் படிக்கு அடியில், யாருக்கும் தெரியாத மூலையில் மெல்லச் சுரண்டினேன். மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. சிவப்புக்கு அடியில் வெள்ளி. அதற்கடியில் கறுப்பு. கறுப்பையும் சுரண்டினேன். கட்டை விரல் நகமளவுக்குப் பச்சை தெரிந்தது. மழையில் நனைந்த இலையின் பச்சை. மெயில் இழுத்த காலத்துப் பச்சை. கொஞ்ச நேரம் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

"என்ன சார் பண்றீங்க?"

காவலாளி.

"நிறம் பாக்கறேன்."

"மஞ்சள். வாசல்லேருந்தே தெரியுமே."

"அதுக்கு அடியில."

"அடியில பாக்கறதுன்னா சங்கத் தலைவியைத்தான் கேக்கணும்," என்று சொல்லி என் முழங்கையைப் பிடித்தான். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்தார். அவர்தான் பூங்கா சங்கத் தலைவி. தொழில், வக்கீல். என் நேரம்.

"பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினா என்ன ஆகும்னு தெரியுமா?"

திருப்புளியை மெல்லச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டேன்.

"அவர் சேதப்படுத்தலை மேடம்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

என் மனைவி. தலையில் துண்டு, மூக்கில் வெள்ளைப் பெயிண்ட், கையில் பெயிண்ட் அடிக்கும் உருளை. அவளுக்குப் பின்னால், தெருவின் எதிர்ப்பக்கம், ஒரு வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஏணியின் உச்சியிலிருந்து என் மைத்துனன் கை காட்டினான். இத்தனை நாள் நான் எட்டிப் பார்க்காத வீடு அதுதான்.

"பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி சுரண்டணும் இல்லையா? அதான் சுரண்டறார்," என்றாள் மனைவி.

"யார் அடிக்கப் போறது?"

"இவர்தான். என் வீட்டுக்காரர். இந்த இன்ஜினைப் பத்தி இவருக்குத் தெரியாததே இல்ல. பழைய நிறத்துலயே இலவசமா அடிச்சுத் தரேங்கறார்."

தலைவியின் முகம் மலர்ந்தது. என் முகமும்தான். நிஜ 318. நிஜப் பச்சை. என் கையால்.

"அவ்வளவு உயரம் ஏறணுமே," என்றார் தலைவி. "உங்க உடம்பு தாங்குமா?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "நாள் பூரா ஏணியில நிப்பேன் மேடம். இடுப்பு வலின்னு ஒண்ணு எனக்கு வாழ்க்கையில வந்ததே இல்ல."

சொன்ன பிறகுதான் மனைவி பக்கம் திரும்பினேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. வக்கீல் முன்னிலையில், காவலாளி சாட்சியாக, என் வண்டவாளம் தண்டவாளத்திலேயே ஏறிவிட்டது.

"தம்பி, இறங்கு," என்று எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அத்தானுக்கு இடுப்பு சரியாயிடுச்சாம்."

"ரொம்ப சந்தோஷம் அத்தான்," என்று அவன் இறங்கி, நான் ஏறுவதற்கு வசதியாக ஏணியைப் பிடித்துக்கொண்டான். உயரமான ஹாலை எனக்காகவே விட்டு வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் வரை அடித்தேன். ஏணியின் மேலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக 318 தெரிந்தது. அது என்னைப் பார்த்து மாறுகண்ணால் சிரித்தது.

"அந்தப் பெரியவரை நான் ஒரு தடவை பாக்கணும்," என்றேன்.

"எந்தப் பெரியவர்?"

"ஆலையில வேலை பார்த்தவர். உன் வார்டுல."

"அப்படி யாரும் இல்ல. வீடு வாங்கறப்பவே இந்த ஜன்னல்ல பார்த்தேனே. நம்பர் எவ்வளவு பெருசா இருக்கு."

"அப்ப நான் மூணு மாசமா லைப்ரரியில..."

"சந்தோஷமா இருந்தீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

கோபப்படலாம் என்று நினைத்தேன். ஏணியின் உச்சியில் நின்று கோபப்படுவது ஆபத்து. இறங்கி வந்து, உருளையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, போன மானத்தில் பாதியாவது திரும்பட்டும் என்று கொஞ்சம் அதிகாரமாகவே சொன்னேன்.

"அடுத்த சனிக்கிழமை 318ஐ ஆரம்பிக்கறேன்."

"இன்ஜின் எங்கயும் ஓடிடாதுங்க," என்றாள் அவள், உருளையை எடுத்துப் பிழிந்தபடி. "நீங்கதான் ஓடிடுவீங்க. அதனால அடுத்த சனிக்கிழமை மாடி."